காய்ந்த உடம்பில் மூன்று மாத்திரைகள்: செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவரின் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு

இதில் வருகிறவரின் பெயர், ஊர், சூளை எதையும் குறிப்பிடவில்லை. எழுதியதை அவருக்கும் அவருடைய மனைவிக்கும் படித்துக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன். நான் வேலூர் மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். இந்த நிகழ்வில் நான் செய்த தாமதமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

இடமும் ஆளும்

குடியாத்தம், கே.வி.குப்பம் சுற்றுவட்டாரத்தில் செங்கல் சூளைகள் பல. தை பிறந்ததும் கல் அறுப்பு தொடங்கும். மழை வரும்வரை நடக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு மண் மிதித்துக் குழைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் அறுத்த கல்லை வரிசையாக உலர்த்துவார்கள். பிறகு மாலையில் மறுபடியும் வேலை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. பருவம் தொடங்கும் முன்பே பெரும்பாலானோர் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் அந்தக் கடனில்தான் போய்ச் சேரும்.

இவருக்கு வயது 56, எடை 54 கிலோ. இருபது ஆண்டுகளாகக் கல் அறுக்கிறார். மனைவி பீடி சுற்றுகிறார். மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறார். ஆறு ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு எங்கள் நிலையத்தில்தான் மாத்திரை: காலையில் எனலாப்ரில், அதோடு 'நீர் மாத்திரை' என்று மக்கள் சொல்லும் ஹைட்ரோகுளோரோதயாசைடு. சர்க்கரை நோய் கிடையாது. எட்டு மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.0. அதாவது சிறுநீரகத்தில் அன்று எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிடாதவர். அவருடைய பதிவேட்டைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு நிறைவாக இருக்கும்.

திருவிழாவுக்குப் பின் நான்கு நாட்கள்

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அக்கினி நட்சத்திர வெயிலின் நடுவில் வரும் நாள் அது. கௌண்டன்யா ஆற்றங்கரை முழுவதும் மனிதத் தலைகளாக இருக்கும். இவரும் குடும்பத்தோடு போய்விட்டு இரவு வீடு திரும்பினார். மறுநாள் விடியற்காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. எட்டு, பத்து முறை போனதாகச் சொன்னார். எந்தத் தண்ணீரால், எந்த உணவால் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று பகல் படுத்தே இருந்தார். உடம்பு சூடு என்று மனைவி இளநீர் வாங்கிக் கொடுத்தார். மாலையில் காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்துகொள்ள, மகன் மெடிக்கலுக்குப் போய் 'ஒரு செட்' மாத்திரை வாங்கி வந்தார். இந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்கு 'செட்' என்றால் விளக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு வகை மாத்திரைகளைப் பட்டையிலிருந்து கத்தரித்து, வேளைக்கு ஒன்றாகச் சிறு காகித உறையில் போட்டுத் தருவது. சீட்டும் இல்லை, பெயரும் இல்லை.

இரண்டாம் நாள் இரவோடு வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. மூன்றாம் நாள் விடியற்காலை அவர் சூளைக்குப் போய்விட்டார். நான்காம் நாளும் போனார். காலையில் பிரஷர் மாத்திரை இரண்டு, உணவுக்குப் பின் செட் மாத்திரை, இடையில் இளநீர், மோர் என்று இரண்டு நாளும் கழிந்தன. சிறுநீர் கொஞ்சமாக, கருஞ்சிவப்பாகப் போயிற்று. சூட்டில் எல்லாருக்கும் அப்படித்தான் போகும் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்காம் நாள் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் போனார் என்பது பின்னால் கேட்டபோதுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலை, வீட்டுக்கே வந்து மாத்திரை தரும் தன்னார்வலர் அவர் வீட்டுக்குப் போனார். கேட்ட கேள்விக்கு அவர் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னது அந்தப் பெண்ணுக்கு உறுத்தியிருக்கிறது. தன் வண்டியிலேயே உட்கார வைத்து அழைத்து வந்துவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை: கண்டதும் காணத் தவறியதும்

9.40 மணிக்கு வந்தார். நாக்கு வறண்டிருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிந்தது. ரத்த அழுத்தம் 86/58. எப்போதும் 140க்குப் பக்கத்தில் இருப்பவர் இவர். நாடித்துடிப்பு 96. நிமிடத்துக்கு 30 முறை ஆழமாக மூச்சு வாங்கினார். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 98 என்று காட்டியது. நுரையீரலில் இரைச்சலும் இல்லை, சளியும் இல்லை.

வயிற்றுப்போக்கால் நீர் வற்றிவிட்டது என்று முடிவு செய்து, பொட்டாசியம் கலக்காத உப்பு நீரை நரம்பில் ஏற்றச் சொன்னேன். அதுவரை சரி. ஆனால் அந்த மூச்சுவாங்கலைக் கண்டதும் என் கவனம் நெஞ்சுக்குப் போய்விட்டது. நிமோனியாவாக இருக்குமோ, செங்கல் தூசியால் வந்த இழுப்பாக இருக்குமோ என்று ஸ்டெதாஸ்கோப்பை வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். நுரையீரல் தெளிவாக இருக்கும்போது ஒருவர் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறார் என்ற கேள்வி உடனே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. ஏறத்தாழ 50 நிமிடம் போய்விட்டது.

உண்மையைப் பிடித்தவர் எங்கள் செவிலியர். சிறுநீர்ப் பரிசோதனைக்காக நோயாளியின் கையில் ஒரு பிளாஸ்டிக் குப்பியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். கால் மணி நேரம் கழித்து அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். குப்பியின் அடியில் ஒரு விரற்கடை அளவுக்கு, பால் ஊற்றாத கடுங்காப்பி நிறத்தில் ஏதோ கிடந்தது. செவிலியர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு நேராக என் மேசைக்குக் கொண்டுவந்தார். "நேற்று மத்தியானத்திலிருந்து இவ்வளவுதானாம், டாக்டரம்மா" என்றார்.

அப்போதுதான் மாத்திரை உறையைக் கேட்டு வாங்கினேன். மிஞ்சியிருந்த பட்டையின் வெள்ளித்தாளில் பெயரின் பின்பாதி மட்டும் இருந்தது. அது போதுமானதாக இருந்தது: டைக்ளோஃபெனாக். வலி மாத்திரை. மூன்று நாளில் ஆறு சாப்பிட்டிருந்தார்.

உடனே ஈ.சி.ஜி. எடுத்தோம். தாளில் டி அலைகள் ஒவ்வொன்றும் கூடாரம்போல் உயர்ந்து, முனை கூராக நின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது என்பதை ஆய்வக முடிவு வரும் முன்பே அந்தத் தாள் சொல்லிவிட்டது.

உள்ளே நடந்தது என்ன

கழிவை வெளியேற்ற உடம்புக்குப் பல வாசல்கள் உண்டு. நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியா நஞ்சு. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றித் தருகிறது. தோல், வியர்வையால் உடம்பின் வெப்பத்தைக் குறைக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். சூளையில் வேலை செய்கிறவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை இழப்பது அரிதல்ல. ஆனால் யூரியா, அமிலம், மிகுதியான பொட்டாசியம் ஆகியவற்றுக்கு முதன்மையான வாசல் சிறுநீரகம்தான்.

ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம் எடை, கைப்பிடி அளவு. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான் என்னும் நுண்ணிய வடிகட்டிகள் ஏறத்தாழ 10 லட்சம். இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்குப் போகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீர் வடிகட்டப்படுகிறது. அதில் ஒன்றரை லிட்டர் போக மீதி முழுவதும் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. உடம்பில் நீர் குறைந்தால், மூளையடியிலிருந்து வரும் ஹார்மோன் இன்னும் அதிக நீரைத் திரும்ப எடுக்கச் சொல்லும். சிறுநீர் சுண்டி நிறம் அடர்வதற்குக் காரணம் இதுவே. ஆனால் எவ்வளவு சுண்டினாலும் ஒரு நாளின் கழிவைக் கரைத்து வெளியேற்ற அரை லிட்டராவது வேண்டும். அதற்கும் கீழே போனால் கழிவு உள்ளேதான் தங்கும்.

வடிகட்டல் நடக்க அழுத்தம் வேண்டும். இந்த இடத்தை எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு நான் பாத்தியை வைத்து விளக்குவது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் குறையும்போது பாத்தியில் மட்டம் இறங்காமல் இருக்க என்ன செய்வீர்கள்? உள்ளே வரும் மடையை அகலமாக வெட்டிவிடுவீர்கள். வெளியே போகும் மடையில் கொஞ்சம் மண்ணைப் போட்டுக் குறுக்குவீர்கள். ரத்தம் குறைந்த நேரத்தில் நெஃப்ரானும் அதையே செய்கிறது. உள்ளே வரும் குழாயைப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் விரிக்கிறது. வெளியே போகும் குழாயை ஆஞ்சியோடென்சின் சுருக்குகிறது. அதனால் வயிற்றுப்போக்கு வந்த எல்லாருக்கும் சிறுநீரகம் நின்றுவிடுவதில்லை.

இவருக்கு என்ன ஆயிற்று? வலி மாத்திரை புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைத் தடுத்தது, உள்மடை குறுகியது. எனலாப்ரில் ஆஞ்சியோடென்சினைத் தடுத்தது. வெளிமடை திறந்தே கிடந்தது. நீர் மாத்திரை, வாய்க்காலில் இருந்த கொஞ்சத் தண்ணீரையும் இறைத்துவிட்டது. மேலே வெயில். பாத்தி வறண்டது. எனலாப்ரிலும் நீர் மாத்திரையும் கெட்ட மருந்துகள் அல்ல. ஆறு ஆண்டுகளாக இவருடைய இதயத்தையும் மூளையையும் காத்தவை அவை. உடம்பு காய்ந்த ஐந்து நாட்களில் மட்டும் அவற்றை நிறுத்தியிருக்க வேண்டும். அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் குறை எங்களுடையது.

மூச்சுவாங்கலின் பொருளும் இதில்தான் இருக்கிறது. சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்ற முடியாமல் போனபோது, நுரையீரல் தன் வாசலை அகலமாகத் திறந்து, கரியமில வாயுவை அதிகமாக ஊதி வெளியேற்றி ரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரப் போராடிக்கொண்டிருந்தது. நான் நோய் என்று நினைத்துத் தேடியது, உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த முயற்சி.

எங்கள் நிலையத்தில் எடுத்த முடிவுகள்

மூன்று மாத்திரைகளையும் அந்த நிமிடமே நிறுத்தினோம். பத்து சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லிலிட்டரை, ஈ.சி.ஜி.யைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடத்தில் மெதுவாக நரம்பில் செலுத்தினோம். இது பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயம் தடுமாறாமல் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை காவல் நிற்கும். பிறகு நெபுலைசரில் சால்பியூட்டமால். அது பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளும். இன்சுலினும் குளுக்கோஸும் கொடுப்பதா என்று தயங்கினேன். ஆம்புலன்சில் போகும்போது சர்க்கரை இறங்கிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில் கொடுக்கவில்லை. குளுக்கோஸ் சொட்டு ஓடும்படி வைத்து, கொடுத்தே அனுப்பியிருக்கலாம் என்று பின்னர் மூத்த மருத்துவர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன்.

108 ஆம்புலன்ஸ் வந்து 11.30க்குப் புறப்பட்டது. வேலூருக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். டயாலிசிஸ் வசதி உள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்து, ஈ.சி.ஜி. படத்தையும் மாத்திரைப் பெயர்களையும் அனுப்பிவிட்டேன்.

வேலூரில் 10 நாட்கள்

அங்கே எடுத்த முதல் பரிசோதனையில் கிரியேட்டினின் 6.8, யூரியா 164, பொட்டாசியம் 7.1. பொட்டாசியம் 5க்குள் இருக்க வேண்டியது. ரத்தத்தில் அமிலம் ஏறினால் குறையும் அளவான பி.எச். 7.19, இயல்பு 7.35 முதல் 7.45 வரை. குழாய் போட்டதும் வந்த சிறுநீர் 40 மில்லிலிட்டர். அதை நுண்ணோக்கியில் பார்த்தபோது மண் நிறத்தில் குழல் வடிவத் துணுக்குகள் தெரிந்தன. ரத்தம் போதாமல் நெஃப்ரான் குழல்களின் உட்சுவர் உதிர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஸ்கேனில் சிறுநீரகங்கள் இரண்டும் இயல்பான அளவில் இருந்தன. சுருங்கியிருந்தால் பழைய நோய் என்று பொருள். சுருங்காததால் மீளும் என்ற நம்பிக்கை பிறந்தது.

இன்சுலின், குளுக்கோஸ், உப்பு நீர் எல்லாம் கொடுத்து மாலைக்குள் பொட்டாசியம் 6.2க்கு இறங்கியது. மறுநாள் காலை மீண்டும் 6.7. விசாரித்ததில், இரவு உறவினர் ஒருவர் இளநீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது" என்று யாரோ குடும்பத்தாரிடம் சொல்லியிருக்கிறார்கள். நம் மக்கள் கிரியேட்டினினையும் யூரியாவையும் 'உப்பு' என்றுதான் சொல்கிறார்கள். சமையல் உப்பு ஏறிவிட்டது, உப்பில்லாத இளநீர் அதைக் கழுவிவிடும் என்று அந்த உறவினர் நினைத்திருக்கிறார். ஒரு டம்ளர் இளநீரில் ஏறத்தாழ 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை எளிதில் வெளியேற்றிவிடும். நின்றுபோன சிறுநீரகத்தால் முடியாது. பொட்டாசியம் ஏறியதற்கு இளநீரை மட்டும் குறை சொல்ல முடியாது. இன்சுலின் உயிரணுவுக்குள் தள்ளிய பொட்டாசியம், மருந்தின் வேகம் அடங்கியதும் வெளியே திரும்பும். ஆனாலும் முதல் நான்கு நாட்கள் வீட்டில் குடித்த இளநீரையும் சேர்த்து யோசித்தால், அந்தச் சொல்குழப்பத்தை என்னால் சிறிதாக எண்ண முடியவில்லை.

டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். குடும்பம் மறுத்துவிட்டது. மதியம் அவருடைய மனைவி எனக்குப் போன் செய்தார்.

"டாக்டரம்மா, மெஷின் போட வேண்டும் என்கிறார்கள். ஒரு முறை போட்டால் ஆயுசுக்கும் விடாதாமே. எங்களால் எப்படி முடியும்?"

"அம்மா, அது வேறு நோய்க்கு. நாள்பட்டுச் சுருங்கிப்போன கிட்னிக்கு. இவருடைய கிட்னி சுருங்கவில்லை, மயங்கிக் கிடக்கிறது. அது எழுந்திருக்கும்வரை மெஷின் அந்த வேலையைப் பார்க்கும். காலில் கட்டுப் போட்டால் எலும்பு கூடும்வரைதானே கோல் ஊன்றுகிறோம்?"

சிறிது நேரம் பேச்சில்லை. "எழுந்திருக்கும் என்று நீங்கள் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். பெரும்பாலும் எழுந்திருக்கும், உறுதி சொல்ல முடியாது, செய்யாவிட்டால் இதயம் நின்றுவிடும் என்று உள்ளதைச் சொன்னேன். மாலையில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971இல் வேலூரில்தான் நடந்தது. பல மாநிலங்களிலிருந்து வருகிற சிறுநீரக நோயாளிகளை இந்த ஊர் லாட்ஜுகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நாள்தோறும் பார்க்கிறோம். 'கிட்னி' என்றால் நிலத்தை விற்று ஊர் விட்டு ஊர் வருகிற நோய் என்றே மக்கள் மனத்தில் பதிந்திருக்கிறது.

இரண்டு முறை டயாலிசிஸ் நடந்தது. முதல் நாள் 180 மில்லிலிட்டராக இருந்த சிறுநீர் நான்காம் நாள் 900ஐத் தொட்டது. ஏழாம் நாள் 3.8 லிட்டர். தேறிவரும் குழல்களால் நீரைத் திரும்ப எடுக்க இன்னும் முடியாததால் இப்படிக் கொட்டும். இந்தக் கட்டத்தில் கவனிக்காவிட்டால் உடம்பு மறுபடியும் வற்றிவிடும். போன அளவைப் பார்த்து நீர் ஏற்றினார்கள். பத்தாம் நாள் கிரியேட்டினின் 2.6 என்ற நிலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீடு திரும்பிய பின்

ஆறு வாரத்தில் கிரியேட்டினின் 1.5, மூன்று மாதத்தில் 1.3. பழைய 1.0க்கு அது திரும்பவில்லை. திரும்பாமலே போகலாம். இப்படி ஒரு முறை அடிபட்ட சிறுநீரகம் பின்னாளில் நாள்பட்ட நோய்க்கு எளிதில் ஆளாகும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தமும் சிறுநீரும் பார்க்கிறோம். இப்போது அம்லோடிபின் என்ற வேறொரு பிரஷர் மாத்திரை ஒன்றிலேயே ரத்த அழுத்தம் 132/84இல் நிற்கிறது. சிறுநீரில் புரதம் இல்லை. இதற்குமேல் தேவைப்பட்டால்தான் எனலாப்ரிலைப் பற்றி யோசிப்போம்.

இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. முன்பணத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கச் சூளைக்காரர் ஒத்துக்கொண்டார். மூட்டு வலிக்குப் பாராசிட்டமாலும் ஒத்தடமும்தான். வலி மாத்திரை கூடாது என்று மனைவி ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு போய் மெடிக்கல்காரரிடமே காட்டியிருக்கிறார்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

மீண்டும் இப்படி ஒருவர் வந்தால் என் வரிசை மாறும். வயிற்றுப்போக்கு, வாந்தி, வெயில் மயக்கம் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி: கடைசியாக எப்போது சிறுநீர் போனீர்கள், எவ்வளவு, என்ன நிறம்? பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்து, சிறுநீர் குறைந்திருந்தால் வந்த பத்து நிமிடத்தில் ஈ.சி.ஜி. இந்தக் கேள்வியைப் பதிவுச் சீட்டிலேயே முத்திரையாகக் குத்திவிட்டோம். அதைக் கேட்கக் கூச்சப்பட்ட இளம் செவிலியர்கள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள்.

எனலாப்ரில், நீர் மாத்திரை உறைகளின்மேல் இப்போது ஒரு வரி எழுதித் தருகிறோம்: "வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் இந்த மாத்திரையைப் போடும் முன் எங்களைக் கேளுங்கள்." நிறுத்துங்கள் என்று எழுதவே முதலில் நினைத்தேன். இதயம் பலவீனமானவர்கள் தாமாக நிறுத்தினால் அதுவும் ஆபத்து என்பதால் கேளுங்கள் என்று மாற்றினேன். தன்னார்வலர்கள் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார்கள். மருந்துக்கடைக்காரர்கள் ஐந்து பேரைச் சந்தித்தேன். மூன்று பேர் வயிற்றுப்போக்குக்குத் தரும் செட்டிலிருந்து வலி மாத்திரையை எடுத்துவிட்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைக்கிறார்கள். மற்ற இருவரும் பிடி கொடுக்கவில்லை. 'உப்பு' என்ற சொல்லை நாங்கள் விட்டுவிட்டோம். கழிவு ஏறியிருக்கிறது, இளநீரும் பழச்சாறும் இப்போது வேண்டாம் என்று விளக்கிச் சொல்கிறோம்.

சூளைகளுக்குப் போனபோது நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லத்தான் போனேன். பானை நிறையத் தண்ணீர் இருந்தது. பெண்கள் குடிக்கவில்லை. ஏனென்று கேட்டதற்கு ஒரு பெண் தலையில் சுமந்த கல்லை இறக்காமலே, "குடித்தால் எங்கே போவது, டாக்டரம்மா?" என்றார். சுற்றிலும் வெட்டவெளி. விடியுமுன் ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை, அவ்வளவுதான். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் அவர்கள் உடம்பைக் காய வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் இப்படித்தான். நாங்கள் பார்த்த இந்த நோயாளி ஆண். அவராவது வேலி ஓரம் ஒதுங்க முடிந்தது.

நான்கு சூளைக்காரர்களிடம் ஊராட்சித் தலைவரையும் வைத்துக்கொண்டு பேசினோம். இரண்டு சூளைகளில் தகரம் அடைத்துக் கழிப்பறை கட்டிவிட்டார்கள். மூன்றாவதில் குழி வெட்டியிருக்கிறார்கள். நான்காவதில் இன்னும் ஒன்றும் தொடங்கவில்லை. இந்தத் தை மாதம் கல் அறுப்பு மறுபடியும் தொடங்குகிறது.